வேலை பார்த்துக்கொண்டே எம்.பி.ஏ. சேர்பவர்கள் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகப் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். மேனேஜர் பதவிக்கு எம்.பி.ஏ. வேண்டும் என்றார்கள். வேலையை விட முடியாது, அதனால் ஆன்லைனில் தேடினேன். போன் நம்பரைப் பதிந்த அரைமணி நேரத்தில் ஒரு ஆன்லைன் படிப்பு நிறுவனத்தின் கவுன்சிலர் கூப்பிட்டார்.

"ஆறு பேர் ஒரு குழு மேடம். எல்லாரும் உங்களை மாதிரி வேலைக்குப் போறவங்க. சனிக்கிழமை ராத்திரி ஒரு பேராசிரியரும் கூட உட்காருவார்" என்றார். இதைக் கேட்டுத்தான் சேர்ந்தேன். காஸ்டிங்கும் பையரிடம் பேரம் பேசுவதும் எனக்கு அத்துப்படி. ஆனால் ஒரு வங்கிக்காரர், ஒரு மருத்துவமனை நிர்வாகி இதே சிக்கலை எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரிந்துகொள்ள ரொம்ப ஆசை.

சேர்ந்த பிறகு கிடைத்தது இருநூறு பேருக்கு மேல் இருந்த ஒரு வாட்ஸ்அப் குழு. என் ஆறு பேரில் இருவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு தம்பி துபாயில் ஷிஃப்ட் வேலை. இன்னொருவர், "அக்கா, நீங்களே முடிச்சிடுங்க, என் பேரை மட்டும் போட்டுடுங்க" என்றார். அவரையும் குறை சொல்ல மாட்டேன், ஓவர்டைம் முடித்து வருகிறவர். வழிநடத்த வேண்டிய பேராசிரியர் ஒரு சனிக்கிழமைகூட வரவில்லை. பாடம் நடத்த ஆள் வைக்காமல், எங்களையே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள விட்டுவிட்டு அதற்குக் குழுக்கற்றல் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மூன்றாவது புராஜெக்டுக்கு, தூக்கக் கலக்கத்தில் எங்கள் கம்பெனி ஷிப்மென்ட்டின் பேக்கிங் லிஸ்டைத் தவறாக ஏற்றிவிட்டேன். அதற்கும் 78 மதிப்பெண். முதல் இரண்டுக்கும் அதே 78 தான். யாருமே திறந்து பார்க்கவில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்புறம்தான் யு.ஜி.சி. எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவுத் தளத்தில் தேடினேன். அவர்கள் சொன்ன பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தது, ஆனால் அனுமதி பெற்ற படிப்புகளில் எம்.பி.ஏ. இல்லை. ஒப்பந்தத்தைத் திரும்பப் படித்தால், எனக்குக் கிடைக்கப்போவது அந்த நிறுவனம் கொடுக்கும் சான்றிதழ். பட்டமே இல்லை.

1,40,000 ரூபாய் கட்டணம். 'வட்டியில்லாத் தவணை' என்று ஓ.டி.பி. வாங்கினார்களே, அது ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் என் பெயரில் போட்ட கடன். படிப்பை விட்டாலும் தவணையை விட முடியாது, சிபில் என்கிற கடன் மதிப்பெண் கெட்டுவிடும். கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கு யு.ஜி.சி. 2018-இல் விதி வகுத்திருக்கிறது, அதைக் காட்டினேன். "நாங்கள் பல்கலைக்கழகம் இல்லை" என்று பதில் வந்தது. சேர்க்கும்போது சொல்லாததை அப்போது சொன்னார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறோம். துபாய் தம்பிதான் கவுன்சிலர் அனுப்பிய மெசேஜ்களை எல்லாம் பத்திரமாக வைத்திருந்தார், அவைதான் இப்போது எங்களுக்கு ஆதாரம்.

ஆன்லைன் படிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முறையான அனுமதி உள்ள பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி.யே 2022-இல் தெளிவுபடுத்தியது. ஆனால் படிப்பை வேறொரு நிறுவனத்துக்கு ஃபிரான்சைஸ் கொடுத்து நடத்த அனுமதி கிடையாது. அதனால் சேர்க்கை பல்கலைக்கழகத்தின் பெயரில் நடக்கிறதா, கட்டணம் அதன் கணக்குக்குப் போகிறதா என்று பாருங்கள். இப்போது இந்தப் படிப்புகளில் சேர யு.ஜி.சி. தளத்தில் நீங்களே டெப் ஐ.டி. (தொலைதூரக் கல்விப் பிரிவு தரும் மாணவர் அடையாள எண்) எடுக்க வேண்டும். அதைக் கேட்காமலே சேர்த்துக்கொண்டால் விலகிவிடுங்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

பட்டத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும், குழுவோடு யார், எத்தனை மணி நேரம் உட்காருவார் என்று மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். அது வரும்வரை ஓ.டி.பி. சொல்லாதீர்கள்.