1000 மி.மீ. டெலஸ்கோப், அரை மீட்டர் குழாய்: பணம் கட்டுமுன் இஞ்சு டேப்பை எடுங்கள்

பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தது இது: 114/1000 ரிஃப்ளெக்டர் (114 மி.மீ. விட்டமுள்ள ஆடி, 1000 மி.மீ. குவியத்தூரம்), 750 மடங்கு உருப்பெருக்கம், ஈக்வடோரியல் மவுண்ட் (வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும் தாங்கி), அஸ்ட்ரோஃபோட்டோகிராஃபிக்கு (வானத்தைப் படம் எடுக்க) ஏற்றது. ஒரு பள்ளி அறிவியல் மன்றத்துக்காக முன்னாள் மாணவர்கள் சேர்ந்து பணம் போட்டு, பதினெட்டாயிரம் சொச்சத்துக்கு ஆன்லைனில் வாங்கிக் கொடுத்தது. வியாழனைப் பார்த்தால் நனைந்த பஞ்சு உருண்டை. விற்றவரிடம் கேட்டதற்கு, "வானம் கிளியரா இருக்காது சார், ரெண்டு நாள் விட்டுப் பாருங்க" என்று பதில். ஐப்பசி மாதம், ரெண்டு நாள் விட்டால் மழை, இன்னும் ரெண்டு நாள் விட்டால் மேகம். திருப்பி அனுப்பும் பத்து நாள் கெடு முடிந்தது. அதற்குப் பிறகு போனை எடுக்க ஆளில்லை.

அந்தக் குழாயில் உடைசலோ விரிசலோ எதுவும் கிடையாது. அது செய்யப்பட்டதே அப்படித்தான். அதே சரக்கு வேறு வேறு பெயர் ஒட்டி வேறு வேறு கடைகளில் கிடைக்கிறது. அதனால் கடையை விட, பெட்டிக்குள் இருந்ததைப் பார்ப்பதுதான் அடுத்து வாங்குபவருக்கு உதவும்.

முதலில் குழாயின் நீளம். சாதாரண நியூட்டோனியன் ரிஃப்ளெக்டரில் அடியில் இருக்கும் குழி ஆடியின் குவியத்தூரமும் (ஆடியிலிருந்து ஒளி குவியும் புள்ளி வரையுள்ள தூரம்) குழாயின் நீளமும் ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருக்கும். ஒளி ஆடியில் பட்டு, மேலே வந்து, சாய்வான சிறு கண்ணாடியில் திரும்பி, பக்கவாட்டில், ஐபீஸ் என்ற கண்ணருகு லென்ஸைத் தாங்கும் ஃபோகஸருக்குள் போகிறது. இதில் மடிப்பதற்கு வேறு இடம் கிடையாது. 1000 மி.மீ. குவியத்தூரம் என்றால் குழாய் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்க வேண்டும். இங்கே டேப்பை வைத்தால் அரை மீட்டர் கூட முழுசாக வரவில்லை. மீதி நீளம் எங்கே? ஃபோகஸரைக் கழற்றி அடியில் பார்த்தால், உள்குழாயின் முனையில் ஒரு சின்ன லென்ஸ் திருகியிருக்கிறது. ஆடியின் சொந்தக் குவியத்தூரம் 500 மி.மீ. அளவுதான், அந்த லென்ஸ் அதை இரண்டு மடங்காக நீட்டுகிறது. பேர்ட்-ஜோன்ஸ் அமைப்பு என்பார்கள்.

அமைப்பே மோசம் என்று சொல்லவில்லை. கோளக ஆடி, அதாவது பந்தின் உட்புறம் போல வளைந்த ஆடி, ஒளியை ஒரே புள்ளியில் குவிக்காது; அந்தப் பிழையைத் திருத்தும்படி லென்ஸைக் கணக்குப் பார்த்துச் செய்து, ஆடியிலிருந்து சரியான தூரத்தில் அசையாமல் நிறுத்தினால் வேலை செய்யும். மலிவுச் சரக்கில் அந்த லென்ஸ் ஃபோகஸரோடு சேர்ந்து மேலும் கீழும் போகிறது. ஃபோகஸ் செய்யும்போதெல்லாம் தூரம் மாறுகிறது, திருத்தமும் போகிறது. லென்ஸின் தரமும் அந்த விலைக்கு உள்ள தரம்தான்.

ஆடி கோளகமா, ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கும் பரவளையமா என்பது எப்போது முக்கியம்? சுருக்கமாக: ஆடி சிறியதாகவும் குவியத்தூரம் நீளமாகவும் இருந்தால் கோளக ஆடியே போதும். 114 மி.மீ. ஆடிக்குச் சுமார் 840 மி.மீ. குவியத்தூரமாவது இருந்தால் கோளகத்துக்கும் பரவளையத்துக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே 114/900 என்ற நீளக் குழாய் கோளக ஆடியோடு வந்தாலும் நல்ல பொருள்தான். 76/700-உம் அப்படியே. ஆனால் 114/500, 130/650 இவற்றில் ஆடி பரவளையமாக இருந்தே தீர வேண்டும். விற்பனைப் பக்கத்தில் "பரவளைய ஆடி" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்; எழுதவில்லை என்றால் கோளகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பரவளையம் போட்டவன் அதைச் சொல்லாமல் விடமாட்டான்.

அடுத்தது அந்த 750. 1000 மி.மீ.யைக் கூட வரும் 4 மி.மீ. ஐபீஸால் வகுத்தால் 250; கூட வரும் 3 மடங்கு பார்லோவால் (உருப்பெருக்கத்தைக் கூட்டும் லென்ஸ்) பெருக்கினால் 750. கணக்கில் தப்பே இல்லை, கண்ணுக்குத்தான் ஒன்றும் தெரியாது. 76/700 பெட்டிகளில் போட்டிருக்கும் 525, 70/900 பெட்டிகளில் போட்டிருக்கும் 675 எல்லாம் இதே வாய்ப்பாடு: நாலால் வகு, மூன்றால் பெருக்கு. ஆடியின் விட்டத்தை மி.மீ.யில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வருவதுதான் உச்ச வரம்பு; 114-க்கு 228. காற்று அமைதியாக இல்லாத சாதாரண இரவில் 150-ஐத் தாண்டுவதே பெரிய விஷயம். 750 மடங்கில் ஐபீஸிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் 0.15 மி.மீ. படம் இருண்டு போகும். உங்கள் கண்ணுக்குள் மிதக்கும் தூசுதான் நன்றாகத் தெரியும். வியாழன் பூமிக்கு அருகில் வரும் காலத்தில் 150 மடங்கிலேயே, வெறுங்கண்ணால் பார்க்கும் நிலாவைப் போல நாலு மடங்கு அகலமாகத் தெரியும். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டியதில்லை.

ஐபீஸ்களில் பொறித்திருந்த எழுத்துகள் எச்20, எஸ்ஆர்4. பார்வைப் பரப்பு குறுகலான பழைய வகை. உடல் பிளாஸ்டிக், எஸ்ஆர்4-இல் கண்ணை வைக்கும் துளை ஊசி முனை போல. சில பெட்டிகளில் இவை 24.5 மி.மீ. அடிவிட்டத்தில் வரும். அதை வாங்கவே வாங்காதீர்கள், பிறகு நல்ல ஐபீஸ் எதையும் பொருத்த முடியாது. இன்றைய பொது அளவு 31.7 மி.மீ., அதாவது ஒன்றேகால் இஞ்சு.

அதோடு ஒரு பச்சைக் கண்ணாடி வில்லையும் இருந்தது. ஐபீஸின் அடியில் திருகிக்கொண்டு சூரியனைப் பார்க்கலாமாம். இதில் மட்டும் பேச்சுக்கே இடமில்லை: எடுத்து உடைத்துக் குப்பையில் போடுங்கள். ஆடி குவிக்கும் வெப்பம் முழுவதும் அந்தச் சின்ன வில்லையில்தான் விழுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரிசல் விட்டால் கண் போய்விடும். சூரிய ஃபில்டர் என்றால் குழாயின் வாயை முழுசாக மூடுவதாக, முன்பக்கம் போடுவதாக இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு வந்த பெட்டியில் இந்த வில்லை இருந்தது என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

மவுண்ட் விஷயம் நம் ஊருக்கே உரிய தொல்லை. ஈக்வடோரியல் மவுண்டின் ஓர் அச்சைத் துருவ நட்சத்திரம் இருக்கும் பக்கம், அந்த ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்துக்குச் சாய்க்க வேண்டும். தமிழ்நாடு முழுவதும் 8 டிகிரிக்கும் 13.5 டிகிரிக்கும் இடையில் கிடக்கிறது. சென்னை 13, மதுரை 10-க்குச் சற்றுக் கீழே, கன்னியாகுமரி 8. பல சிறு மவுண்டுகளின் சாய்வுத் திருகு அவ்வளவு கீழே இறங்குவதில்லை. அப்படியே இறக்கினாலும் எடைக்கல் தொங்கும் கம்பி ட்ரைபாடின் வடக்குக் காலில் போய் இடிக்கும். ட்ரைபாடைத் திருப்பி வடக்கே இரண்டு கால்களுக்கு நடுவில் இடைவெளி வரும்படி வைத்தால் இடிக்காது, ஆனால் பாரம் முன்னால் சாய்ந்து குப்புற விழப் பார்க்கும். துருவ நட்சத்திரமோ அடிவானத்துப் புழுதியிலும் தெருவிளக்கு வெளிச்சத்திலும் மறைந்திருக்கும். 40, 50 டிகிரியில் வாழ்பவர்களை மனதில் வைத்துச் செய்த பொருள் இது. அங்கே கண்ணை மூடிக்கொண்டு பொருத்துவார்கள். இங்கே அரைமணி நேரம் அதிலேயே போகும்.

இன்னொன்று, நடுக்கம். குழாயை விரலால் லேசாகத் தட்டிவிட்டு ஐபீஸில் பார்த்து எண்ணுங்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் படம் நின்றுவிட வேண்டும். இந்த மவுண்டில் ஆறு வரை எண்ண வேண்டியிருந்தது. ஃபோகஸ் திருகைத் தொடும்போதெல்லாம் இதுதான் கதி.

"அஸ்ட்ரோஃபோட்டோகிராஃபிக்கு ஏற்றது" என்ற வரிக்குச் சாட்சியாகப் பெட்டிக்குள் இருந்தது ஒரு போன் கிளாம்ப். நிலாவை எடுக்க அது போதும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டிஎஸ்எல்ஆரை மாட்டலாம் என்று நினைத்து வாங்கியிருந்தால் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஒன்று, படம் குவியும் புள்ளி ஃபோகஸரின் வாய்க்கு மிக அருகிலேயே விழுகிறது. கேனான் இஎஃப் கேமராவில் சென்சாரோ முன்விளிம்பிலிருந்து 44 மி.மீ. உள்ளே, நிக்கான் எஃப் என்றால் 46.5 மி.மீ. உள்ளே. ஃபோகஸரை முழுக்க உள்ளே தள்ளினாலும் எட்டாது. நடுவில் ஒரு பார்லோ போட்டால் எட்டும், ஆனால் படத்தின் பரப்பு சுருங்கும், வெளிச்சமும் குறையும். பிளாஸ்டிக் ஃபோகஸர் அரைக்கிலோவுக்கு மேலான கேமராவைத் தாங்காமல் தொங்கிப்போவது தனி.

இரண்டு, வானம் நிற்பதில்லை. விநாடிக்கு 15 ஆர்க்விநாடி நகர்கிறது. 1000 மி.மீ. குவியத்தூரத்தில், 4 மைக்ரான் பிக்சல் உள்ள சென்சாரில், வான நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் ஒரு நட்சத்திரம் ஒரு விநாடியில் பதினெட்டுப் பிக்சல் ஓடிவிடும். ஓரியன் நெபுலாவுக்கு ஒரு நிமிட எக்ஸ்போஷர் என்றால் கோடுதான் வரும். தனியாக விற்கும் ஒற்றை அச்சு பேட்டரி மோட்டார் வியாழனைக் கண்பார்வைக்குள் நிறுத்தி வைக்கும். நீண்ட எக்ஸ்போஷருக்கு அதன் பல்சக்கரம் உதவாது. அந்த வேலைக்கு டெலஸ்கோப்பை விட மவுண்டுக்குத்தான் அதிகம் செலவழிக்க வேண்டியிருக்கும். தொடக்கக்காரருக்குக் கைக்கெட்டும் படம் நிலாவும் கோள்களும்தான்: ஒன்றிரண்டு நிமிட வீடியோ எடுத்து, ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருளில் போட்டு, நல்ல ஃபிரேம்களை மட்டும் அடுக்கினால் ஆச்சரியப்படும்படி வரும். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவதால் வீடியோவை ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள்.

ஏமாற்றின் முக்கியக் கருவி அந்தப் பத்து நாள் கெடு என்பதைக் கவனியுங்கள். இரவும் வேண்டாம், தெளிந்த வானமும் வேண்டாம். பெட்டி வந்த அன்று பகலிலேயே சோதிக்கலாம். சைக்கிள் கடையில் ஒரு பால்ரஸ் வாங்கி, கருப்புத் துணியில் ஒட்டி, ஐம்பது மீட்டர் தள்ளி வெயிலில் வையுங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, குழாயை அந்தப் பால்ரஸ் பக்கம் மட்டுமே திருப்புங்கள். அதில் மின்னும் புள்ளிதான் உங்கள் செயற்கை நட்சத்திரம். 100 மடங்கு அளவில் ஃபோகஸ் செய்து, பிறகு கொஞ்சம் உள்ளேயும் கொஞ்சம் வெளியேயும் கலைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வட்டமான வளையங்கள், நடுவில் கருப்புப் பொட்டு என்று தெரிந்தால் நல்லது. வளையங்கள் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் ஆடிகள் நேராக இல்லை. அது கொலிமேஷன் திருகில், அதாவது ஆடிகளை நேராக்கும் திருகில், சரியாகிவிடும். ஒரு பக்கம் கூர்மையான வளையம், மறுபக்கம் வெறும் புகை என்றால் கோளகப் பிழை. அதற்கு மருந்து கிடையாது, திருப்பி அனுப்புங்கள்.

கொலிமேஷன் என்றதும் லேசர் வாங்க ஓடாதீர்கள். பேர்ட்-ஜோன்ஸ் குழாயில் அந்த நடு லென்ஸ் லேசர் புள்ளியைப் பரப்பிவிடும். லென்ஸைக் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும். குழாயின் பின்பக்கம் ஆடிக்கு மூன்று திருகுகளாவது இருக்கின்றனவா என்றும் பாருங்கள். மலிவான சிலவற்றில் ஆடியை அசைக்கவே வழி இருப்பதில்லை.

பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச விலை ஆகியவை பெட்டியில் இருந்தாக வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் பொதியப்பட்ட பொருள்கள் விதி. இந்தப் பெட்டியில் அதெல்லாம் இல்லை. புகாரைப் போனில் சொல்லாமல் எழுத்தில் அனுப்பி, பதிலைப் படம் பிடித்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 2019 சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, ஐந்து லட்சம் வரை கட்டணமில்லை. "750 மடங்கு" என்ற அச்சு, தவறான விளம்பரம் என்று சொல்ல நல்ல சான்று.

வாங்கினால் எதை வாங்குவது? வைக்க இடமும் தூக்க ஆளும் இருந்தால் 150/1200 டாப்சோனியன். மரப்பெட்டி போன்ற அடித்தளத்தில் மேலும் கீழும், இடமும் வலமும் தள்ளினால் நகரும். துருவமும் வேண்டாம், எடைக்கல்லும் வேண்டாம். மாடிப்படி ஏற்ற வேண்டுமென்றால் மேசை மேல் வைக்கும் 130/650, பரவளைய ஆடியோடு. அதற்கு உறுதியான ஸ்டூல் தேவை, ஆடும் பிளாஸ்டிக் நாற்காலி உதவாது. இரண்டிலும் நீண்ட எக்ஸ்போஷர் படம் எடுக்க முடியாது என்பதைத் தெரிந்தே வாங்குங்கள். வாங்குமுன் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் நடத்தும் வான்நோக்கு நிகழ்ச்சி ஒன்றுக்குப் போய்க் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. சனியின் வளையம் எவ்வளவு சிறிதாகத் தெரியும், ஆண்ட்ரோமெடா கேலக்ஸி எவ்வளவு மங்கலான சாம்பல் திட்டு என்று அங்கே புரிந்துவிடும்.

ஏற்கெனவே இந்தக் குழாய் கையில் இருப்பவர்கள் தூக்கி எறிய வேண்டாம். 4 மி.மீ. ஐபீஸையும் பார்லோவையும் ஒதுக்கிவிட்டு, 25 மி.மீ. பிளாஸல் வகை ஐபீஸ் ஒன்று மட்டும் வாங்குங்கள். 40 மடங்கில் அந்தக் கோளகப் பிழை அவ்வளவாக உறுத்தாது. நிலாவின் பள்ளங்கள், வியாழனின் நாலு துணைக்கோள்கள், கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் எல்லாம் தெரியும். எடைக்கல்லையும் கேபிள்களையும் கழற்றி, துருவ அச்சை நேர் செங்குத்தாக நிமிர்த்த முடிகிற மவுண்டாக இருந்தால், அதையே மேலும் கீழும் பக்கவாட்டிலும் திருப்பும் எளிய தாங்கியாக வைத்துக்கொள்ளலாம். நிமிர்த்திய பிறகு எடைக்கல்லை மட்டும் திரும்பப் போட வேண்டியிருக்கும்.