இறால் குட்டை அமோனியாவுக்கு எது சரி: ஆற்றுத் தண்ணீரா, வெல்லப்பாகா, கஞ்சிப்பாசியா?

எண்ணூரைத் தாண்டிப் பழவேற்காடு பக்கம் வனாமி இறால் குட்டை வைத்திருப்பவர்களுக்கு இறால் வளர வளர ஒரே தலைவலி, அதற்கு நஞ்சாகும் அமோனியாதான். கண்ணாடிக் குழாயில் குட்டைத் தண்ணீரை எடுத்து அமோனியா பார்க்கும் கிட் மருந்தைச் சொட்டுவிட்டால், மஞ்சளாக நிற்க வேண்டியது மெல்லப் பச்சையாகும். தீவனத்தில் இருக்கும் நைட்ரஜனில் மூன்றில் ஒரு பங்குகூட இறாலின் உடம்பில் சேர்வதில்லை. மிச்சமெல்லாம் தண்ணீரில்தான், அதில் பெரும்பங்கு அமோனியாவாகிறது.

பச்சையைப் பார்த்ததும் மோட்டாரைப் போட்டு ஆற்றுத் தண்ணீரை ஏற்றுவது பழைய வழக்கம். செலவு டீசலோடு போகும், அன்றைக்கே பலன் தெரியும். ஆனால் கொசஸ்தலையாற்றில் சாம்பலும் ஆலைக் கழிவும் கலக்கின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வந்து முகத்துவாரம் வரை படர்ந்ததை எல்லோரும் பார்த்தோம். அந்தத் தண்ணீரை நம்பி இறக்க எனக்கு மனசு வராது. நாம் திறந்துவிடும் கழிவும் அதே ஆற்றுக்குத்தான் போகிறது. அங்கே இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் நிற்கிறார்கள்.

வெல்லப்பாகு ஊற்றும் முறையான பயோஃப்ளாக் வேகமானது. வெல்லப்பாகு ஊற்றினால் பாக்டீரியா பெருகி அமோனியாவை இழுத்துக்கொள்ளும், அந்தத் துகளை இறாலும் தின்னும். 1 கிராம் அமோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 20 கிராம் சர்க்கரைப் பொருள் வேண்டும். அதைவிடப் பெரிய செலவு தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரியேட்டர்; இரவு பகலாக ஓட வேண்டும். கரண்ட் போய் ஜெனரேட்டரும் கிளம்பாவிட்டால் விடிவதற்குள் குட்டை காலி.

கஞ்சிப்பாசி என்ற கடற்பாசி மெதுவாக வேலை செய்யும், ஆனால் கரண்ட் கேட்காது. நைட்ரேட்டைவிட அமோனியாவைத்தான் முதலில் எடுக்கும். நாங்கள் முதலில் குட்டைக்குள்ளேயே பாசியைக் கயிற்றில் கட்டினோம், அது தப்பு. இறால் கிளறும் சேறு இழை இழையாக அப்பி, வெயில் படாமல் பாசி வெளுத்துவிட்டது. குட்டையில் பாசி அதிகமானாலும் ஆபத்து: மதியம் தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் பிஎச் ஏறி, மிச்சமிருக்கும் அமோனியாவின் நஞ்சு கூடும், இரவில் அதுவும் ஆக்சிஜனைத் தின்னும். அப்புறம் வடிகாலுக்கு மாற்றினோம். முதல் பள்ளத்தில் சேறு படியும், தெளிந்த தண்ணீர் பாசி வழியாக ஓடும். இப்போது ஆற்றுக்குப் போகுமுன் வாய்க்கால் கடைசியிலும் கிட் போட்டுப் பார்க்கிறோம்.

சீக்கிரம் வளரும் என்று கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசியைக் கொண்டுவர வேண்டாம். அது வெளிநாட்டு இனம், மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுப் பவளத்தின் மேலேயே படர்ந்தது. எந்தப் பாசியானாலும் அவ்வப்போது அறுத்தே ஆக வேண்டும். அழுகினால் உறிஞ்சியது முழுக்கத் தண்ணீருக்கே திரும்பும். எண்ணூர்த் தண்ணீரில் வளர்ந்ததில் உலோகமும் ஏறும், அதனால் சாப்பாட்டுக்கோ தீவனத்துக்கோ விற்கக்கூடாது.

பணமும் ஜெனரேட்டரும் இருந்தால் குட்டைக்குள் பயோஃப்ளாக் வையுங்கள், தவறில்லை. ஆனால் வடிகாலில் பாசி எல்லோருக்கும் வேண்டும் என்பேன். ஐப்பசி மழையில் உப்பு இறங்கினால் பாசி தாங்காது. அதற்குள் கயிற்றோடு கரையேற்றி, விதைக்கு ஒரு பிடியை மட்டும் உப்புத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைக்கிறோம்.