ஹிலிகாய்னோன் அகராதியோடு நான்கு ஆண்டுகள்

கப்பலில் என்னோடு வேலை பார்த்தவர்களில் பலர் பிலிப்பைன்ஸின் இலோய்லோ, பகோலோட் பக்கத்துக்காரர்கள். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது அந்நாட்டின் முக்கிய மொழியான தகலோக் அல்ல, தங்கள் பகுதி மொழியான ஹிலிகாய்னோன் என்று தெரியவே எனக்குச் சில வாரங்கள் ஆயின. அப்போது பதிவிறக்கியதுதான் ஜான் கௌஃப்மன் தொகுத்த விசயன்–ஆங்கில அகராதி (விசயன் என்று அதில் குறிப்பது ஹிலிகாய்னோனைத்தான்). மில் ஹில் என்ற கத்தோலிக்க மறைப்பணிச் சபையின் பாதிரியாரான அவர் அதை 1930களில் இலோய்லோவில் வெளியிட்டார்.

முதல் மாதம் எரிச்சல்தான். காதில் விழுந்த சொல்லை அப்படியே தேடினால் கிடைக்காது. 'நஹித்லாவ்' என்று கேட்டால் 'ஹித்லாவ்' என்ற வேருக்குப் போக வேண்டும். 'வந்துகொண்டிருந்தான்' என்பதை நாமும் 'வா' என்ற இடத்தில்தானே தேடுகிறோம்? அது உறைத்த பிறகு கை பழகிவிட்டது.

அந்த ஹித்லாவை நான் மறக்கமாட்டேன். எங்கள் சமையல்காரர் ஏழு மாதம் வீட்டைப் பிரிந்திருந்தபோது மகளிடம் தொலைபேசியில் சொன்ன சொல் அது. ஒருவரைக் காணாமல் மனம் தவிக்கும் ஏக்கம். மகளை அவர் 'லங்கா' என்று அழைப்பார். 'பலங்கா' என்பதன் சுருக்கம். காதலுக்கு 'குக்மா' என்று தனிச்சொல் இருக்கிறது. பலங்கா என்பது சீராட்டிப் பொத்தி வைத்துக்கொள்ளும் அன்பு. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல இரண்டு மூன்று சொற்களை அடுக்க வேண்டும். நமக்குச் 'செல்லம்' போதும். 'புலான்' என்றால் நிலவு, மாதமும் அதுவே. நம் 'திங்கள்' போலவே! அன்று இரவு மேல்தளத்தில் நின்று நிலவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓர் எச்சரிக்கை: 'லிபோக்' என்றால் ஹிலிகாய்னோனில் 'குழப்பம்'. தகலோக்கில் அது காம இச்சை. ஆள் அறிந்து பேசுங்கள்.

அழுத்தக் குறிகளை விடாமல் போட்டிருப்பது இந்த அகராதியின் பெரிய பலம். 'ஹாபோன்' என்று முதலசையை அழுத்தினால் பிற்பகல், கடைசியை அழுத்தினால் ஜப்பானியர். குறை என்றால், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய காலத்தோடு சொற்கள் நின்றுவிடுகின்றன. அதனால் ஹவாய் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்ட செசில் மோட்டஸின் அகராதியையும் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் 'கித்' என்ற சிறு சொல்லைப் பாருங்கள். ஆங்கிலத்தில் அதற்கு ஈடு தேடித் தடுமாறுவீர்கள். தமிழ் தெரிந்தவருக்கோ அது நம் ஏகாரமும் 'தான்' என்பதும்போல. 'இகாவ் கித்' என்றால் நீயேதான். 'நமித் கித்' என்றால் அவ்வளவு ருசி. சோற்றுத் தட்டோடு நான் அதை முதன்முதலில் சொன்னபோது சமையல்காரர் ஓடிவந்து இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.