பேட்டரி பேட்டரி என்று 710 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார்கள், கோளாறு பேட்டரியில் இல்லவே இல்லை

மலேசியாவில், பேராக் சுங்கை சிப்புட் பக்கம் பழைய ஏடிவி (மண் ரோட்டில் ஓட்டும் நாலு சக்கர மோட்டார் வண்டி) வாங்க நினைப்பவர்கள் இதை முழுதாகப் படித்துவிட்டுப் போங்கள். புகார் கொடுத்திருக்கிறேன், விசாரணை இன்னும் வரவில்லை, அதனால் கடையின் பெயரை எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வயது 68. சின்ன வயதில் பால்மரம் சீவினார், அப்புறம் செம்பனைக்கு மாறி அதே தோட்டத்தில் ஓய்வு பெற்றார். முட்டி தேய்ந்துவிட்டது, ஆனால் வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் இருக்கும் எங்கள் இரண்டு ஏக்கர் டுரியான், வாழையைப் பார்க்காமல் அவரால் ஒரு நாளும் இருக்க முடியாது. மண் ரோடு, மழை பெய்தால் மோட்டார் சைக்கிள் வழுக்கும். அதனால்தான் போன தீபாவளி முடிந்ததும் 400 சிசி ஜப்பான் ஏடிவி ஒன்றை 9,500 வெள்ளிக்கு வாங்கிக் கொடுத்தேன். விற்றவர் நம்ம ஆள், தமிழில் பேசினார், அப்பாவை "ஐயா, ஐயா" என்று நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அதிலேயே பாதி நம்பிவிட்டோம்.

நாங்கள் போனபோது வண்டி ஏற்கெனவே சூடாக இருந்தது. "இப்பத்தான் கழுவி ஒரு ரவுண்டு ஓட்டினேன்" என்றார். பொத்தானை அழுத்தியதும் ஸ்டார்ட் ஆனது. அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை, இப்போது சொல்கிறேன்: பழைய வண்டி பார்க்கப் போனால் முதலில் எஞ்சின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நாளைக்குக் காலையில் வருகிறேன், நான் வரும்வரை யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே பிரச்சினை தொடங்கியது. ஒரு இரவு நிறுத்தினால் காலையில் திணறித் திணறி ஸ்டார்ட் ஆகும், இரண்டு இரவு விட்டால் டக் டக் என்ற சத்தம் மட்டும்தான். இந்த மாதிரி பெல்ட் கியர் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. கையால் இழுத்து ஸ்டார்ட் செய்யும் கயிறு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மூடிதான் இருந்தது, அதையும் நாங்கள் வாங்கும்போது கவனிக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் அப்பா தோட்டத்தில் நிறுத்தி லைட்டைப் போட்டுக்கொண்டு வாழை வெட்டியிருக்கிறார், திரும்பக் கிளம்பும்போது வண்டி எழவில்லை. மழையில் அந்த முட்டியோடு இருட்டில் நடந்து வந்தார். போன் செய்தால் நான் வேலையை விட்டு ஓடி வருவேனாம், அதனால் செய்யவில்லையாம்.

கடைக்குச் சொன்னேன். "பேட்டரி வீக்" என்று புதுப் பேட்டரி போட்டு 180 வெள்ளி வாங்கினார்கள். மூன்று வாரத்தில் அதுவும் போனது. "அந்த லாட்டே சரியில்லை" என்று இன்னொன்று, இன்னொரு 180. அதுவும் நிற்கவில்லை என்றதும் ஸ்டார்ட்டர் மோட்டார் மாற்ற வேண்டும் என்று 350. வண்டியை லோரியில் ஏற்றி இறக்கிய செலவு தனி. இத்தனை தடவையிலும் யாரும் கரண்ட் அளக்கும் ஒரு மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்ததை நான் காணவில்லை. வாங்கும்போது ஒரு மாதம் வாரண்டி என்று வாயால்தான் சொன்னார், ரசீதில் ஒரு வரி கூட இல்லை.

பணத்தை விட எனக்குப் பொறுக்காதது வேறு. கடைசியாகப் போனபோது அந்த ஆள் அப்பாவின் எதிரிலேயே, "ஐயா வயசானவர், சாவியை ஆன்லயே விட்டுட்டு மறந்திருப்பார்" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. அன்றிலிருந்து ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய் சாவியைத் தொட்டுப் பார்ப்பார், படுத்த பிறகு எழுந்து இன்னொரு தடவை போவார். "எனக்கு மறதி வந்துருச்சோ" என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். நாற்பது வருடம் ஒரு கத்தியைக் கூடத் தொலைக்காத மனிதர்.

அப்புறம்தான் எஸ்டேட் வொர்க்‌ஷாப்பில் டிராக்டர் வயரிங் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணனிடம் காட்டினேன். அவர் பேட்டரியைக் குறை சொல்லவே இல்லை. சார்ஜ் ஏற்றி சாயங்காலம் அளந்தார், 12.7 வோல்ட். சாவியை எடுத்துவிட்டு அப்படியே விட்டோம், காலையில் 12.2. "நல்ல பேட்டரி ஒரே ராத்திரியில இவ்வளவு இறங்காது, எங்கயோ குடிக்குது" என்றார். நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியரில் வைத்துச் சேர்த்தார். 0.38 ஆம்பியர் காட்டியது, சாவி என் பாக்கெட்டில் இருக்கும்போது. சாவி ஆஃபில் இருக்கிற வண்டி சில மில்லியம்பியருக்கு (ஆயிரம் மில்லியம்பியர் ஒரு ஆம்பியர்) மேல் எடுக்கக் கூடாது. எங்கள் பேட்டரி 12 ஆம்பியர் ஹவர், கணக்குப் போட்டால் ஒன்றரை நாளுக்குள் ஒட்டக் காலி. எத்தனை புதுப் பேட்டரி போட்டாலும் இதே கதிதான். (நீங்களே செய்து பார்ப்பதாக இருந்தால், மீட்டர் அப்படி நடுவில் இருக்கும்போது ஸ்டார்ட் பொத்தானை அழுத்திவிடாதீர்கள், மீட்டரின் பியூஸ் போய்விடும்.)

சின்ன பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்தார், எண் அசையவில்லை. அடுத்து ரெக்டிஃபையரின் (எஞ்சின் ஓடும்போது வரும் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் பாகம்) பிளக்கைக் கழற்றினார், சட்டென்று 0.08-க்கு இறங்கியது. உள்ளே கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விட வேண்டிய டயோடு போய், வண்டி நிற்கும்போது கரண்ட் பின்பக்கமாக, எஞ்சினில் கரண்ட் உண்டாக்கும் காயிலுக்குள் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. மீதி 0.08 யாரோ எப்போதோ மாட்டிய அலாரத்துடையது, ஹாரனைப் பிடுங்கிவிட்டு ரிலேயை (அதை இயக்கும் சுவிட்ச்) மட்டும் நேராகப் பேட்டரியிலேயே விட்டிருந்தார்கள். அதையும் எடுத்த பிறகு ஒரு மில்லியம்பியர் கூட இல்லை. ரெக்டிஃபையர் 160, கூலி 60. இப்போது எஞ்சினை முடுக்கினால் 14.2 வோல்ட் ஏறுகிறது, முன்பு 13-ஐத் தாண்டவே இல்லை. பத்து நாள் நிறுத்தி வைத்து அழுத்தினேன், முதல் அழுத்திலேயே எழுந்தது.

இதில் முக்கியமான விஷயம், அந்த ரெக்டிஃபையர் பிளக் கருகிப் போயிருந்தது, அதன் மேல் புதுக் கறுப்பு டேப் பளபளவென்று சுற்றியிருந்தது. பழைய பிளக்குக்குப் புது டேப் யார் சுற்றுவார்கள்? சீட்டுக்கு அடியில் பழைய சர்வீஸ் சீட்டு ஒன்று கிடைத்தது, அதில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். முந்தைய உரிமையாளர் ஒரு மலாய்க்காரர், நல்ல மனிதர். "பேட்டரியில் சார்ஜ் நிற்காது என்று சொல்லித்தானே அவர்களிடம் விலை குறைத்துக் கொடுத்தேன்" என்றார். அதாவது கடைக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டே இரண்டு பேட்டரி விற்று, ஒரு மோட்டார் விற்று, பழியை அப்பா மேல் போட்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் கேட்டேன், என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். அதனால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில், நாம் திரிபுனல் என்கிறோமே அதில், பாரம் 1 நிரப்பிக் கொடுத்துவிட்டேன். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் கடையிடம் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளாக இருக்க வேண்டும். என்னிடம் இருப்பது மூன்று ரசீது, அவர்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், கருகிய அந்தப் பிளக். ஆகவே எவ்வளவு பழகினவர்களாக இருந்தாலும் ரசீதில் வாரண்டியை எழுதச் சொல்லுங்கள், மாற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்டார்ட்டர் மோட்டாரை நான் கேட்காமல் விட்டேன், அது இருந்திருந்தால் நன்றாக வேலை செய்யும் மோட்டாரைத்தான் கழற்றினார்கள் என்று காட்டியிருக்கலாம்.

நான் இப்போது ஒரு மீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன், அண்ணன் உட்கார வைத்து அளக்கக் கற்றுக் கொடுத்தார். சிப்புட், கோலகங்சார் பக்கம் யாராவது பழைய வண்டி பார்க்கப் போனால் எனக்கு எழுதுங்கள். சனி, ஞாயிறு என்றால் நானே கூட வருகிறேன்.