பாடமா, ஒத்திகையா, பாட்டி கதையா?

சுனாமியிலிருந்து தப்பிக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் மூன்று வழிகளைக் கடலே பரீட்சை வைத்துப் பார்த்திருக்கிறது.

2004 டிசம்பர் 26. தாய்லாந்தின் புக்கெட் தீவில் விடுமுறைக்கு வந்திருந்த 10 வயது இங்கிலாந்துச் சிறுமி டில்லி ஸ்மித், கடல் நுரைத்துக் கொப்பளிப்பதைப் பார்த்தாள். இரண்டு வாரத்துக்கு முன்புதான் பூகோள வகுப்பில் சுனாமி நடத்தியிருந்தார்கள். அவள் போட்ட கூச்சலில் கரை காலியானது. ஏறத்தாழ 100 பேர் பிழைத்தார்கள். பாடத்துக்கு இது பெரிய வெற்றிதான். ஆனால் அது இரண்டே வாரப் பழசு. நம் பிள்ளைகளுக்கு ஐந்து மதிப்பெண் விடை பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடும்.

அதே நாளில் சுமத்ராவை ஒட்டிய சிமலூ தீவைக் காப்பாற்றியது கதை. 1907 பேரலையில் பிழைத்தவர்கள், 'ஸ்மோங்' என்ற சொல்லைப் பேரப்பிள்ளைகளிடம் விட்டுச்சென்றிருந்தார்கள். பலமாக நிலம் ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு, அவ்வளவுதான். சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் 7 பேர். செலவே இல்லாத வழி. ஆனால் அதை அப்படியே நாகப்பட்டினத்துக்குக் கொண்டுவர முடியாது. பயந்து ஓடும் அளவுக்கு இங்கே நிலம் ஆடவில்லை. அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

ஒத்திகையில் ஜப்பானை மிஞ்ச ஆளில்லை என்போம். 2011 மார்ச் 11 அன்று அங்கே சுனாமி வந்தபோது, இஷினோமாகி நகரின் ஒகாவா தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் ஒழுங்காக மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். அதன்பின் எங்கே போவது என்று முடிவாகாமல் சுமார் 50 நிமிடம் அங்கேயே நின்றார்கள். பள்ளிக்குப் பின்னால் குன்று இருந்தது. 108 மாணவர்களில் 74 பேரை அலை கொண்டுபோய்விட்டது. சுனாமி எதுவரை வரும் என்று காட்டும் அபாய வரைபடத்தில் அந்தப் பள்ளி பாதுகாப்பான இடம்.

அதே நாளில் அலை தாக்கிய கமாயிஷி நகரின் உனோசுமாய் பள்ளிகளும் வரைபடத்தில் பாதுகாப்பான பகுதிதான். ஆனால் அங்கே பேராசிரியர் தோஷிதாகா கதாதா, "வரைபடத்தை நம்பாதே, முதல் ஆளாக ஓடு" என்று வருடக்கணக்கில் சொல்லிவந்திருந்தார். பெரிய பிள்ளைகள் உத்தரவுக்குக் காத்திராமல் ஓடினார்கள். அதைப் பார்த்து, மூன்றாவது மாடிக்கு ஏறியிருந்த தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் இறங்கி ஓடினார்கள். குறித்துவைத்த இடத்தில் மலைச்சரிவு இடிந்துகொண்டிருந்ததால், சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் மேலே ஏறினார்கள். அங்கிருந்த ஏறத்தாழ 600 பேரும் உயிரோடு இருந்தார்கள்.

என் ஓட்டு கமாயிஷிக்கு. பாடமும் ஒத்திகையும் அங்கே உண்டு. கூடவே, அடுத்த அடியைத் தானே முடிவுசெய்யும் துணிச்சலையும் பிள்ளையிடம் கொடுத்திருந்தார்கள். நம் ஊரில் அதைக் கொடுக்கக் கை நடுங்கும். "சார் சொல்லாமல் ஏன் எழுந்தாய்?" என்று கேட்டே வளர்த்த வகுப்பறை.

கடலோரப் பள்ளி ஒன்றில் ஒத்திகை பார்க்கப் போயிருந்தேன். விசில், வரிசை, சிறப்பு விருந்தினர், போட்டோ எல்லாம் குறைவில்லாமல் நடந்தன. 2004இல் அலை வந்தது ஞாயிற்றுக்கிழமை. பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. அந்த நினைப்பில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனிடம், "ஞாயிற்றுக்கிழமை அலை வந்தால் உன் வீட்டிலிருந்து எந்தத் தெரு வழியாக ஓடுவாய், தம்பி?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை கிடையாது சார்" என்றான்.