தடித்த தமிழ் ஃபான்ட் என்று சொல்லி 6,800 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள், டிசைனர்கள் கவனம்

கிருஷ்ணகிரியில் பிளெக்ஸ், லேபிள் டிசைன் செய்கிறேன். எரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். ஃபான்ட் விற்கும் ஓர் இணையதளம், எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் எழுத்தைப் பெயர் மாற்றி, அதையும் கெடுத்து என் தலையில் கட்டிவிட்டது. 6,800 ரூபாய்.

மாங்கனிக் கண்காட்சி ஸ்டாலுக்கு ஒரு மாங்கூழ் கம்பெனி பேனர் கேட்டது. எழுத்து தடியாக, முனையெல்லாம் பழம் மாதிரி உருண்டு, ரோட்டிலிருந்தே தெரிய வேண்டும் என்றார்கள். அந்தத் தளத்தில் அப்படியே ஒன்று இருந்தது. தமிழைத் தடியாக வரைவது லேசான வேலை இல்லை. ண, ஞ சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைத்துக்கொள்ளும், புள்ளி போய் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். மாதிரிப் படத்தில் சுழியெல்லாம் நன்றாகத் திறந்திருந்தது. வேலை தெரிந்த கை என்று நம்பினேன். போனில் பேசிய பையன், "அண்ணா, எங்க டீமே வரைஞ்சது, யூனிகோட்தான், லைசென்ஸ் ஆயுசுக்கும்" என்றான். உடனே பணம் அனுப்பினேன்.

ஃபைலைப் போட்டு "மாங்கூழ்" என்று அடித்தேன். கூ வரவில்லை. க ஒரு பக்கம், ஊகாரக் குறி ஒரு பக்கம் தனியாகத் தொங்குகிறது. கு, மு, மூ எதுவுமே சேரவில்லை. இவற்றைச் சேர்க்கும் விதிகள் ஃபான்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். பெயர் மாற்றிச் சேமித்தபோது அதைத் தொலைத்திருக்கிறார்கள்.

ஃபைல் விவரத்தைத் திறந்தால் உள்ளே எக் டைப் என்ற ஃபான்ட் வரையும் நிறுவனத்தின் பெயர், இலவச ஃபான்ட்களுக்கான ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ். அது அவர்கள் வரைந்த 'பலூ தம்பி' என்ற ஃபான்ட்! 2016-ல் இருந்து கூகுள் ஃபான்ட்ஸில் சும்மா கிடைக்கிறது. படத்தில் நிழலும் ஓரக்கோடும் போட்டு அடையாளம் தெரியாமல் செய்திருந்தார்கள். அந்த லைசென்ஸ்படி பேனருக்கு, லேபிளுக்கு, எதற்கும் பயன்படுத்தலாம், திருத்தவும் செய்யலாம். ஃபான்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது. அதைத்தான் எனக்கு 6,800 ரூபாய்க்கு விற்றார்கள்.

கேட்டதற்கு, "உங்க போட்டோஷாப் செட்டிங்தான் தப்பு" என்றார்கள். அதே கணினியில் ஒரிஜினலை இறக்கி, கூ ஒழுங்காக வருவதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். "டெக்னிக்கல் டீம் பார்க்கிறாங்க." அப்புறம், "டவுன்லோட் செய்த பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது." லைசென்ஸ் பற்றிக் கேட்டதும் சாட்டையே மூடிவிட்டார்கள். போனும் எடுப்பதில்லை. வரைந்தவர்கள் ஊருக்கே இலவசமாகக் கொடுத்ததை இப்படிக் கெடுத்து விற்கிறார்களே என்பதுதான் 6,800-ஐ விட வயிற்றெரிச்சல்.

விவரமாக எழுத நினைத்தேன், பேனர் அச்சுக்குப் போக வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன். படத்தை நம்பாதீர்கள், கூ, மூ, ஸ்ரீ வரும் உங்கள் வார்த்தையையே அடித்துக் காட்டச் சொல்லுங்கள். லைசென்ஸ் ஃபைலை முதலில் கேளுங்கள். தடித்த எழுத்துக்குப் அதன் புதிய பதிப்பான 'பலூ தம்பி 2'-ஐப் பாருங்கள், ஐந்து தடிமன் இருக்கிறது. முகவரி மாதிரி பொடி வரிக்கு மட்டும் ரொம்பத் தடியானதைப் போடாதீர்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள்.

நான் புகார் கொடுத்துவிட்டேன். தர்மபுரி, ஓசூர் பக்கம் இதே மாதிரி ஏமாந்தவர்கள் ரசீதையும் ஃபைலையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள்.