கம்பெனி பேடா, பிராண்ட் பேடா, லோக்கலா? செட்டிநாட்டுக் காருக்கு எது தோது

காரைக்குடி ஸ்பேர் கடையில் பிரேக் பேடு கேட்டால் முதலில் வரும் கேள்வி இதுதான்: "கம்பெனி வேணுமாண்ணே, பிராண்ட் போதுமா, லோக்கல் தரவா?" பணத்தைப் பார்த்து மட்டும் இதற்குப் பதில் சொல்லக் கூடாது. கார் எப்படி ஓடுகிறது, அதைவிட எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

நம் பக்கத்துக் கார் ஒரு தனி ரகம். ஆல்டோ, வேகன்ஆர் மாதிரி முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். உரிமையாளர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். கார் கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பின்வாசல் கொட்டகையில் மாதக்கணக்கில் கிடக்கும். கல்யாணம், படைப்பு, திருவிழா என்றால் வெளியே வரும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களுக்குப் பின்னால் சாமான் ஏற்றிக்கொண்டு ஊர்ந்து போகும். இந்தக் காரில் பேடு தேய்ந்து தீர்வது குறைவு. துருவும் செம்மண் தூசியும் பழைய பிரேக் ஆயிலும்தான் அதைக் கெடுக்கின்றன. அதனால் பேடில் மிச்சம் பிடித்து, அந்தக் காசை மற்ற இடத்தில் போடுவதுதான் என் கணக்கு.

கம்பெனி டப்பா, அதாவது கார்க் கம்பெனியின் பெயரில் வருவது, அளவில் ஏமாற்றாது. கிளிப், ஷிம் (பேடின் முதுகில் சத்தம் வராமலிருக்க வைக்கும் மெல்லிய தகடு) எல்லாம் சரியாக உட்காரும். ராவ வேண்டியிருக்காது. ஆனால் கார்க் கம்பெனி பிரேக் பேடைத் தானே செய்வதில்லை. வேறொரு தொழிற்சாலையிடம் வாங்கித் தன் டப்பாவில் போடுகிறது. அந்தப் பெயருக்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம். இன்னொரு தொல்லை, அதிகம் விற்கும் டப்பாவுக்குத்தான் போலியும் அதிகம். ஹாலோகிராம், பார்ட் நம்பர், எம்ஆர்பி ஸ்டிக்கர் ஆகிய மூன்றையும் பார்க்காமல் வாங்கினால், கம்பெனி விலைக்கு லோக்கல் சரக்கு கைக்கு வரும்.

பிராண்ட் என்று கடைக்காரர் சொல்வது பிரேக் சாமான் செய்யும் கம்பெனிகள் தங்கள் பெயரிலேயே விற்பதை. இதில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, ரானே பிரேக் லைனிங், சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் எல்லாம் சென்னையில் வேர்விட்டவை. டிவிஎஸ் கர்லிங் என்ற பெயர் எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். வெளியிலிருந்து வந்தவற்றில் பாஷ், ஃபெரோடோ, வேலியோ கிடைக்கும். காரைக்குடியில் இல்லாவிட்டால் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வரவழைத்துத் தருவார்கள். எம்ஆர்பியில் தள்ளுபடி கேட்கவும் இங்கேதான் இடம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாக ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. பழைய விலை ஒட்டிய டப்பாவைக் கொடுத்தால் அதையும் நினைவுபடுத்தலாம்.

அதே கம்பெனி செய்தாலும் கார்க் கம்பெனிக்குக் கொடுக்கும் கலவையும் கடைக்கு வரும் கலவையும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. பேடின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள பிடிப்பு, இரண்டாவது நன்றாகச் சூடானபின் உள்ள பிடிப்பு. ஈ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, எஃப் 0.35 முதல் 0.45, ஜி 0.45 முதல் 0.55. கழற்றிய பேடில் எஃப்எஃப் இருந்தால் புதியதிலும் எஃப்எஃப் வாங்குவது நல்லது. ஜிஜி என்றதும் உசத்தி என்று பாய வேண்டாம். முன்னால் மட்டும் பிடிப்பைக் கூட்டினால் முன் பின் சமநிலை மாறும். பேடு எத்தனை நாள் உழைக்கும் என்பதைப் பற்றி இந்த எழுத்து ஒன்றும் சொல்லாது.

லோக்கலில் பெரும்பாலும் எந்த எழுத்தும் இருக்காது. இரும்புத் தகட்டில் மருந்து, அதாவது உராய்ந்து பிடிக்கும் கலவை, சரியாக ஒட்டியிருக்கிறதா என்பதும் தெரியாது. ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்ற வாசகமும் சிலவற்றில் இருக்காது. வேண்டாம், அவ்வளவுதான்.

செராமிக் பேடு வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தூசி குறைவு, சத்தம் குறைவு, விலை அதிகம். நம் ஊர் சமதரை, கார் வேகமும் குறைவு. நாரும் பிசினும் கலந்த சாதாரண ஆர்கானிக் பேடு குளிர்ந்த நிலையிலேயே நன்றாகப் பிடிக்கும், டிஸ்கையும் அரிக்காது. அடிக்கடி கொடைக்கானல் ஏறி இறங்குபவர் உலோகத் தூள் கலந்த செமி மெட்டாலிக் யோசிக்கலாம்.

பின் டிரம்முக்குள் பேடுக்குப் பதில் இருக்கும் ஷூவில் போட்டி வேறு மாதிரி: புது செட்டா, பழைய ஷூவுக்கு லைனிங் (உராயும் பட்டை) ஒட்டுவதா? அம்பாசடர் வைத்திருப்பவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். அந்தக் காரின் உற்பத்தி 2014-இல் நின்றுபோனதால் அவர்களுக்கு லைனிங் கடைதான் கதி. நல்ல கைக்காரர் என்றால் குறையும் இல்லை. ஆல்டோவுக்கு அது வேண்டாத வேலை. புது செட்டே மலிவு, ஒட்டிய லைனிங் பிய்ந்து டிரம்முக்குள் சிக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். நின்ற காரில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்வதும் வழக்கம். காரை விட்டுவிட்டு வெளியூர் கிளம்புமுன் ஹேண்ட்பிரேக் போடாமல், முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு இரு பக்கமும் கல் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

டிஸ்கில் கோடு விழுந்திருந்தால் லேத் பட்டறையில் கடைசல் பிடிக்கலாம். ஆனால் டிஸ்கிலேயே குறைந்தபட்ச கனம் பொறித்திருக்கும். கடைந்தபின் அதற்குக் கீழே போனால் அது பழைய இரும்பு. மேலோட்டத் துரு மட்டும்தான் என்றால் நாலு தடவை பிரேக் பிடித்தாலே போய்விடும்.

மிச்சம் பிடித்த காசு பிரேக் ஆயிலுக்கும் ரப்பர் கிட்டுக்கும் (பிரேக்குக்குள் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சாமான்கள்). பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். கார் ஓடாவிட்டாலும் குடிக்கும். டாட் 3 என்ற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறினால் அது 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு அதே கணக்கு 230, 155. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், மூடியில் எழுதியிருப்பதையே ஊற்றுங்கள். டாட் 5 சிலிக்கான் வகை, இவற்றோடு கலக்கக் கூடாது. பிரேக் ரப்பரைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவும் பழக்கம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. ரப்பர் ஊதிப்போகும். பிரேக் கிளீனர் ஒரு டின் போதும்.

வேலையைச் சிமெண்டுத் தரையில் செய்யுங்கள். ஆத்தங்குடிக் கல் மேல் ஜாக்கி வைத்தால் ஆச்சி பிரேக் விலையைவிடப் பெரிய கணக்கு கேட்பார். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள். பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பா வழியும், அந்த ஆயில் பெயிண்டில் பட்டால் உரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றுங்கள். மாட்டி முடித்ததும் வண்டியை எடுக்குமுன் பெடலைக் கெட்டியாகும்வரை மிதிக்க வேண்டும். முதல் மிதி தரையோடு போகும். அப்புறம் காலியான ரோட்டில் ஐம்பது வேகத்திலிருந்து பத்துக்கு, முழுவதும் நிறுத்தாமல், இடைவெளி விட்டு எட்டுப் பத்து முறை பிரேக் பிடித்துப் பேடைப் படியவிட்ட பிறகு திருச்சி ரோட்டில் ஏற்றலாம்.